டர்போ பாகங்கள் சாதா இன்ஜினுக்குப் பொருந்துமா?

சித்தப்பா மகன் கார் வாங்கக் கிளம்பினான். நிஸான் மேக்னைட் என்று முடிவு செய்திருந்தான். சாதா பெட்ரோல் இன்ஜின் ஒரு விலை, டர்போ பெட்ரோல் அதைவிடக் கூடுதல் விலை. இரண்டுமே 999 சிசி, இரண்டுமே மூன்று சிலிண்டர். ஷோரூமிலிருந்து திரும்பி வந்ததும் என்னிடம் கேட்டான்: "அண்ணே, ரெண்டும் ஒரே சிசிதானே? இப்போ சாதாவை எடுத்துட்டு, கையில காசு வரும்போது டர்போவை மட்டும் தனியா வாங்கி மாட்டிக்கிட்டா ஆச்சுல்ல?"

கேள்வியில் தப்பில்லை. டர்போ என்பது நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு இரும்புச் சாமான். அது இருந்தால் டர்போ இன்ஜின், இல்லாவிட்டால் சாதா என்றுதான் வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் தோன்றும். ஆனால் கம்பெனியில் டர்போ இன்ஜின் செய்யும்போது நத்தையை மட்டும் சேர்த்துவிட்டு நிறுத்துவதில்லை. உள்ளே வெளித்தெரியாத பத்துப் பன்னிரண்டு இடங்களில் கை வைத்திருப்பார்கள். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம், எங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு மூத்த மெக்கானிக் சொன்னதுதான் எனக்கு நினைவுக்கு வரும்: "மாட்டறதுக்கு என்ன தம்பி, மாட்டிரலாம். தாங்குமான்னு கேளு."

பொருந்துவது ஒரு கேள்வி, தாங்குவது இன்னொரு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

டர்போ என்ன செய்கிறது

சாதா இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகிறது. வெளிக்காற்று தன் சொந்த அழுத்தத்தில் அந்த இடத்தை நிரப்புகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்கிற அதே அலகு). எவ்வளவு முக்கினாலும் இதற்கு மேல் காற்று உள்ளே போகாது.

டர்போவில், சைலன்சர் பக்கம் வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும் சாமான் அது. டர்போ கூடுதலாக ஏற்றும் அழுத்தத்துக்குப் பெயர் பூஸ்ட். 12 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் வெளி அழுத்தத்துக்கு மேல் இன்னொரு 12 பிஎஸ்ஐ. அதாவது சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகிவிடுகிறது. காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டலாம், பெட்ரோல் கூடினால் சக்தி கூடும்.

இதற்கு இரண்டு வகையில் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது. ஒன்று அழுத்தம், இன்னொன்று சூடு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், சுடும். காற்றை அமுக்கினாலே சூடேறும். டர்போ அமுக்கிய காற்றை இன்டர்கூலரில் ஆற்றித்தான் உள்ளே விடுகிறார்கள். அப்படியும் சாதா இன்ஜினுக்குள் போகும் காற்றைவிட அது சூடாகத்தான் இருக்கும்.

அந்தச் சூட்டுக் காற்றை பிஸ்டன் மேலே வந்து மறுபடியும் அமுக்குகிறது. பிளக் பொறி விட்டபின் தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகப் பரவவேண்டும். அது வந்து சேர்வதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடித்துவிட்டால் அதற்குப் பெயர் நாக்கிங். பட்டறையில் "இன்ஜின் தட்டுது" என்பார்கள். மேடேறும்போது டிக் டிக் என்று எப்போதாவது கேட்டால் சாதா இன்ஜின் பொறுத்துக்கொள்ளும். பூஸ்ட் உள்ள இன்ஜினில் அதே தட்டல் சில விநாடி தொடர்ந்தாலே பிஸ்டனின் ஓரம் உடைந்துபோகலாம்.

டர்போ இன்ஜினும் சாதா இன்ஜினும் உள்ளே வேறுபடும் இடங்களில் பெரும்பாலானவை இந்தத் தட்டலுக்குப் பயந்து செய்தவைதான்.

ஒரு குடும்பத்து இரண்டு பிள்ளைகள்

பாகம் மாற்றுவதைப் பற்றிப் பேச நல்ல உதாரணம் டொயோட்டாவின் 2ஜேஇசட். 1993-இல் வந்த சூப்ரா காரால் உலகப் புகழ் பெற்ற இன்ஜின். வரிசையாக ஆறு சிலிண்டர், 2997 சிசி, சிலிண்டரின் விட்டமான போர் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரமான ஸ்ட்ரோக்கும் 86. இதில் 2ஜேஇசட்-ஜிஇ சாதா, 2ஜேஇசட்-ஜிடிஇ இரட்டை டர்போ. சாதா சுமார் 220 குதிரைத்திறன் தந்தது. டர்போவுக்கு ஜப்பானில் கணக்கில் காட்டியது 280, வெளிநாட்டுக்குப் போனதில் சுமார் 320. ஜிஇ இன்ஜின் லெக்ஸஸ் ஜிஎஸ்300, ஐஎஸ்300 போன்ற குடும்பக் கார்களிலும் வந்ததால் பழைய சந்தையில் மலிவாகக் கிடைத்தது. ஜிடிஇ அரிது, விலையும் அதிகம். அதனால்தான் "ஜிஇ-யை வாங்கி ஜிடிஇ ஆக்க முடியுமா" என்ற கேள்வி அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சாதா இன்ஜினுக்கு டர்போ ஏற்றுவதற்கு அங்கே என்ஏ-டி என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் எது பொது? சிலிண்டர்கள் அமைந்த உடல் பகுதியான பிளாக்கின் அடிப்படை வார்ப்பு ஒன்றுதான். கனத்த வார்ப்பிரும்பு. சிலிண்டர்களைச் சுற்றி மேல்தளம் மூடியிருக்கும் வகை அது. அழுத்தம் கூடும்போது சிலிண்டர்ச் சுவர் ஆட்டம் காணாது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டும் ஒன்றே. பிஸ்டனை அதோடு இணைக்கும் கனெக்டிங் ராடு விஷயத்தில் மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய ஜிஇ-யில் இருப்பது ஜிடிஇ-யின் ராடுதான். ஆனால் பின்னாளில் விவிடி-ஐ என்ற மாறும் வால்வு நேர அமைப்போடு வந்த ஜிஇ-யில் மெலிந்த ராடு போட்டுவிட்டார்கள். பெயர் ஒன்று, வயது வேறு, ராடு வேறு. "2ஜேஇசட்னா எதுவும் தாங்கும்" என்று கேள்விப்பட்டு ஐஎஸ்300 இன்ஜினை வாங்கி பூஸ்டை ஏற்றிக்கொண்டே போனால், முதலில் ஆபத்து அந்த ராடுக்குத்தான். இன்ஜின் பேரை நம்பிப் பாகம் வாங்கக்கூடாது என்று சொல்வது இதனால்தான். வருடத்தையும் கேட்கவேண்டும்.

வேறுபாடு தொடங்கும் இடம் பிஸ்டன். பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதுதான் கம்ப்ரெஷன் விகிதம். சாதா ஜிஇ-க்கு அது 10-க்கு 1. ஜிடிஇ-க்கு 8.5-க்கு 1. டர்போ ஏற்கெனவே அமுக்கித் தருகிறது, அதனால் பிஸ்டன் கொஞ்சம் குறைத்து அமுக்கினால் போதும் என்ற கணக்கு. இதைக் கையால் தொட்டுப் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவரலாம். ஒரு சிலிண்டர் சுமார் 500 சிசி. 10-க்கு 1 வரவேண்டுமென்றால் பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 55 சிசி சொச்சம். 8.5-க்கு 1 என்றால் 66 சிசி சொச்சம். வித்தியாசம் 11 சிசி. டீஸ்பூனால் அளந்தால் இரண்டு ஸ்பூனுக்குக் கொஞ்சம் அதிகம்.

அந்த இரண்டு ஸ்பூன் இடத்தைத்தான் டர்போ பிஸ்டனின் தலையில் குழியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு பிஸ்டனையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழகாத கண்ணுக்குக்கூட அந்தக் குழி தெரியும். விட்டம் ஒன்று என்பதால் டர்போ பிஸ்டன் சாதா பிளாக்கில் அழகாக இறங்கும். ஆனால் ஜிடிஇ பிளாக்கில் பிஸ்டனின் அடிவயிற்றில் ஆயிலைப் பீய்ச்சி அடிக்கச் சின்னக் குழாய்கள் உண்டு. தலையில் ஏறும் சூட்டை அடியிலிருந்து இறக்க அது ஒரு வழி. சாதா ஜிஇ-யில் அவை கிடையாது. பிஸ்டனை மட்டும் மாற்றிவிட்டு "முடிஞ்சது" என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

பிஸ்டனைத் தொடவே பயந்தவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி, தடித்த ஹெட் கேஸ்கெட், அதாவது பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் தகடு. இந்த போருக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூடினால் கிட்டத்தட்ட 6 சிசி இடம் கூடும். 0.7 மில்லிமீட்டர் கூட்டினால் 10-க்கு 1 என்பது சுமார் 9.4-க்கு 1 ஆகிவிடும். இன்ஜினைக் கீழே பிரிக்காமல் ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்துவிடலாம், செலவும் குறைவு. ஆனால் பிஸ்டனின் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே மிகச் சின்ன இடைவெளி வைத்துக் கலவையை நடுவுக்குத் தள்ளிக் கலக்க வைப்பது இன்ஜின் வடிவமைப்பில் ஒரு நுணுக்கம். கேஸ்கெட் தடித்தால் அந்த இடைவெளி அகன்று கலக்கல் குறைகிறது. தட்டலைத் தவிர்க்கச் செய்த வேலை ஒரு பக்கம் தவிர்த்து, மறுபக்கம் கொஞ்சம் வரவழைத்துவிடுகிறது. எனக்கு இந்த வழி பிடிப்பதில்லை. குறைந்த பூஸ்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இதை வைத்தே ஓட்டுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காற்றை உள்ளே கொண்டுவரும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டும், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இரண்டுக்கும் வேறு. ஹெட்டில் துவாரங்களின் வடிவமும் இடமும் மாறியிருக்கின்றன. ஜிடிஇ-யின் மேனிஃபோல்டைக் கொண்டுவந்து ஜிஇ ஹெட்டில் வைத்தால் உட்காராது. அதனால் ஜிஇ-க்கென்றே டர்போ மேனிஃபோல்டு தனியாகச் செய்து விற்கிறார்கள். மாறாக, ஜிடிஇ ஹெட்டை முழுசாக ஜிஇ பிளாக்மேல் வைத்தால் உட்காரும். அப்படிச் செய்கிறவர்களும் உண்டு.

அரை மில்லிமீட்டர் சங்கதி

மேலே சொன்னவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பாகங்கள். இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. அதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிஸ்டன் ரிங்.

பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர்ச் சுவரோடு ஒட்டி நிற்கும் வளையம் அது. முழு வட்டமாக இருக்காது. ஓரிடத்தில் வெட்டுப்பட்டு ஒரு சின்ன இடைவெளி இருக்கும். சிலிண்டருக்குள் ரிங்கை இறக்கி, அந்த இடைவெளியில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து அளப்பார்கள். சூட்டில் ரிங் நீளும் என்பதால்தான் அந்த இடைவெளி. 86 மில்லிமீட்டர் போர் உள்ள சாதா இன்ஜினுக்குப் பொதுவான கணக்கில் சுமார் 0.35 மில்லிமீட்டர் வைப்பார்கள். டர்போ என்றால் சூடு கூட, ரிங் இன்னும் நீளும், அதனால் சுமார் 0.5 மில்லிமீட்டர். நடுவில் உள்ள வித்தியாசம் இரண்டு தலைமுடித் தடிமன் இருக்கலாம், அவ்வளவுதான்.

சாதா இடைவெளியோடு டர்போவை ஏற்றினால் என்ன ஆகும்? மெதுவாக ஓட்டும்வரை ஒன்றும் ஆகாது. நெடுஞ்சாலையில் முழு பூஸ்டில் கொஞ்ச நேரம் மிதித்தால் ரிங் நீண்டு, இரண்டு முனைகளும் முட்டிக்கொள்ளும். அதற்கப்புறமும் நீள இடம் கேட்டு சிலிண்டர்ச் சுவரில் அழுந்தும். பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு பெயர்ந்து வரும். அப்படி உடைந்த பிஸ்டனைப் பார்த்துவிட்டு "டர்போ இன்ஜினைத் தின்னுடுச்சு" என்பார்கள். தின்றது டர்போ இல்லை, போடாமல் விட்ட கால் மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் இடைவெளி.

பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளியிலும் இதே கதைதான். அதனால்தான் ஒரு இன்ஜினில் ஓடிய பிஸ்டனை எடுத்து இன்னொரு ஓடிய பிளாக்கில் அளக்காமல் போடக்கூடாது. அளந்து பார்த்து, தேவையானால் லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து, ஹோனிங் என்ற சன்னமான தேய்ப்பும் செய்துதான் மாட்டவேண்டும்.

ஆயில் திரும்பி வரவேண்டும்

டர்போவின் தண்டு ஆயில் படலத்தில் மிதந்துதான் சுழல்கிறது. பிளாக்கில் ஆயில் பிரஷர் உள்ள ஏதாவது ஓர் இடத்திலிருந்து சின்னக் குழாய் இழுத்து ஆயில் கொடுத்துவிடலாம், அது சுலபம். திரும்பி வருவதுதான் சிக்கல். டர்போவுக்குள் போன ஆயில் நுரைத்து, சொந்தக் கனத்தில் மட்டும் வழிந்து, இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கவேண்டும். அதற்குக் குழாய் தடியாக இருக்கவேண்டும், சரிவாக இறங்கவேண்டும், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேரவேண்டும். சாதா இன்ஜினின் சம்ப்பில் பொதுவாக அதற்கான துவாரம் இருக்காது. சம்ப்பைக் கழற்றி, துளையிட்டு, வெல்டிங் வைக்கவேண்டும். சோம்பலில் சம்ப்பைக் கழற்றாமலே துளையிட்டால் உலோகத் தூள் உள்ளே விழுந்து ஆயில் பம்புக்குப் போகும். அதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

திரும்பும் வழி அடைபட்டால் ஆயில் டர்போவின் சீலைத் தாண்டிக் கசிந்து சைலன்சரில் நீலப்புகையாக வரும். பலர் டர்போ போய்விட்டது என்று புது டர்போ வாங்குவார்கள். புதுசும் புகைக்கும்.

மலிவான ஒரு பாகத்தையும் இங்கே சொல்லவேண்டும். பிசிவி வால்வு. கிராங்க் பக்கம் தேங்கும் வாயுவை இன்டேக் பக்கம் உறிஞ்சிவிடும் சின்ன வால்வு. சாதா இன்ஜினில் இன்டேக் பக்கம் எப்போதும் உறிஞ்சும் பக்கமாகவே இருக்கும். டர்போ வந்ததும் அங்கே அழுத்தம் ஏறி, காற்று தலைகீழாக கிராங்க் பக்கம் நுழையும். ஆயில் ஸ்டிக் எகிறிக் குதிக்கும், சீல்கள் கசியும். டர்போ இன்ஜினின் பிசிவி வால்வோ ஒருவழி வால்வோ போட்டால் தீர்ந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான்.

மூளைக்குத் தெரியவேண்டாமா

இன்ஜினின் கம்ப்யூட்டர் உள்ளே போகும் காற்றை அளந்துதான் பெட்ரோல் ஊற்றுகிறது. பல சாதா கார்களில் அதற்கு மேப் சென்சார் என்ற அழுத்தம் அளக்கும் கருவி இருக்கும். அது வெளிக்காற்றின் அழுத்தம் வரைக்கும்தான் அளக்கும். ஓரடி ஸ்கேலை வைத்து ஒன்றே முக்கால் அடிப் பலகையை அளப்பதுபோல, பூஸ்ட் எவ்வளவு ஏறினாலும் அது "ஒரு அடி" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரும் அதை நம்பி சாதா அளவுக்கே பெட்ரோல் விடும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றால் எரிதல் இன்னும் சூடேறி, தட்டல் நிச்சயம். எனவே டர்போ இன்ஜினின் சென்சார், பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர், அதற்கேற்ற பெட்ரோல் பம்ப், புதிதாக எழுதிய கம்ப்யூட்டர் நிரல் எல்லாம் ஒரே குடும்பமாகத்தான் வரவேண்டும். ஜிடிஇ-யில் ஜப்பான் கார்களுக்கு நிமிடத்துக்கு 440 சிசி விடும் இன்ஜெக்டர், ஏற்றுமதிக் கார்களுக்கு 550 சிசி. கம்ப்யூட்டருக்குச் சொல்லாமல் இதைக் கொண்டுபோய் ஜிஇ-யில் மாட்டினால் பெட்ரோல் வழிந்து கறுப்புப் புகைதான் வரும்.

பிளக்கையும் ஒரு படி குளிர்ந்த, அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்தும் ரகத்துக்கு மாற்றி, பொறி தாண்டும் இடைவெளியைக் குறைக்கவேண்டும். அழுத்தமான காற்றில் பொறி தாண்டுவது கஷ்டம். கிளட்சும் கியர்பாக்ஸும் தனிக்கதை. சூப்ராவில் சாதா காருக்கு டபிள்யூ58 என்ற ஐந்து கியர் பெட்டி, டர்போவுக்குக் கெட்ராக் செய்த வி160 என்ற ஆறு கியர் பெட்டி. டொயோட்டாவே வேறு பெட்டி போட்டிருக்கிறதென்றால் காரணமில்லாமலா?

எதிர்த்திசையிலும் சிலர் யோசிப்பார்கள். டர்போ பிஸ்டன் பலமானது, சாதா இன்ஜினில் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று. பூஸ்ட் இல்லாமல் 8.5-க்கு 1 கம்ப்ரெஷனில் ஓடும் இன்ஜின் மந்தமாக இருக்கும், மைலேஜும் குறையும். டர்போ இன்ஜினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டும் அப்படித்தான். பொதுவாக இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தை அதில் குறைத்து வைத்திருப்பார்கள். சாதா இன்ஜினில் அந்த நேரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் மேல் வேகத்தில் மூச்சு விடும்.

லாரி ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால் சிரிக்கலாம். டாடாவின் 697 டீசல் இன்ஜின் முதலில் சாதாவாக இருந்து, பிறகு டர்போவோடு டிசி ஆகி, அப்புறம் இன்டர்கூலரோடு டிசிஐசி ஆனது. ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், அதுதான் 697. டீசலில் வெறும் காற்றைத்தான் அமுக்குகிறோம், டீசலைப் பீய்ச்சும்போதுதான் எரிகிறது. அதனால் பெட்ரோல் இன்ஜினில் சொன்ன நாக்கிங் பயம் அங்கே அந்த வடிவத்தில் இல்லை. சூடும் அழுத்தமும் மட்டும் அங்கேயும் உண்டு.

மேக்னைட்டுக்கு வருவோம்

சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடம் ஆலையில் தயாராகும் இந்தக் காரின் இரண்டு இன்ஜின்களும் 999 சிசி. ஆனால் சாதா இன்ஜினின் போர் 71 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 84.1. டர்போவின் போர் 72.2, ஸ்ட்ரோக் 81.3. பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே சிசி. பாத்திரத்தின் கொள்ளளவு ஒன்று, ஒன்று ஒல்லி, மற்றது குட்டை. டர்போவின் பிஸ்டன் சாதா பிளாக்கில் இறங்கவே இறங்காது. டர்போவின் சிலிண்டர்ச் சுவரில் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு வேறு கொடுத்திருக்கிறார்கள். டொயோட்டா இன்ஜின்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றால், இவை ஒரே வாடகை வீட்டில் குடியிருக்கும் இரண்டு குடும்பம். சாதா 72 குதிரைத்திறன், 96 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). டர்போ 100 குதிரைத்திறன், மேனுவல் கியரில் 160 நியூட்டன் மீட்டர். சாதா காரின் கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் அந்த 96-ஐ வைத்துக் கணக்குப் போட்டவை.

எந்தக் காராக இருந்தாலும் முதலில் பார்க்கவேண்டியது இந்த இரண்டு எண்களைத்தான். போரும் ஸ்ட்ரோக்கும் ஒன்றாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம், இல்லாவிட்டால் அங்கேயே விட்டுவிடலாம். சிசியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சட்டமும் இருக்கிறது. இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் பானெட்டைத் திறக்கும்போது, ஆர்சியில் இல்லாத டர்போ உள்ளே உட்கார்ந்திருந்தால் அவர் என்ன எழுதுவார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சாதாவையே எடுத்தான். வேலைக்குப் போய்வர 72 குதிரை போதுமாம். டர்போவுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த பணம் ரோடு டாக்ஸிலும் இன்சூரன்ஸிலும் சீட் கவரிலும் கரைந்துபோயிற்று.